சமையலும் பிடிக்காது, சாப்பாடும் பிடிக்காது: வீட்டுச் சாப்பாட்டு வேளைகளை ஓட்டுவது எப்படி?

சமைக்கப் பிடிக்காதவர்களுக்கு எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் "செய்யச் செய்யப் பிடித்துவிடும்" என்றுதான் முடியும். எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை காலம் ஆகியும் அடுப்புப் பக்கம் போகும்போது எந்த உற்சாகமும் வருவதில்லை, சாப்பிடுவதும் பசி அடங்க வேண்டுமே என்பதற்காகத்தான். ஆனாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு வேளாவேளைக்குத் தட்டு நிறைந்துவிடுகிறது. துணி துவைப்பதை ரசித்துச் செய்யுங்கள் என்று யாரும் நம்மிடம் சொல்வதில்லை, சமையலை மட்டும் ஏன் ரசிக்கவேண்டுமாம்? பிடிக்காமலேயே இந்த வேலையை நடத்திக்கொண்டு போக என்ன செய்யலாம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். ருசிக்குக் குறிப்பு தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

படி 1: எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள்

"சமையலே பிடிக்காது" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஒரு சொல்லுக்குள் ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன. என்ன செய்வது என்று யோசிப்பது, சாமான் வாங்குவது, நறுக்குவது, சூட்டில் நிற்பது, வாசனையைத் தாங்குவது, பாத்திரம் கழுவுவது, கடைசியில் எல்லோரோடும் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவது. ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள். எரிச்சல் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று தெரிந்துவிடும்.

நறுக்குவதுதான் தொல்லை என்றால் நறுக்கி உறைய வைத்த காய்களை வாங்குங்கள். பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறைய வைத்துவிடுவதால் சத்தில் பெரிய குறைவு கிடையாது, இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. வாசனைதான் குமட்டுகிறது என்றால் வறுப்பது, பொரிப்பது, தாளிப்பது எல்லாவற்றையும் குறைத்து மூடி போட்டு வேக வைப்பதற்கு மாறுங்கள், ஜன்னலை அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னாலேயே திறந்துவிடுங்கள். சூடான உணவிலிருந்துதான் வாசனை அதிகம் கிளம்பும், ஆறிய உணவில் குறைவு. அதனால் உங்கள் பங்கை மட்டும் ஆற வைத்துச் சாப்பிடலாம். மற்றவர்கள் மெல்லும் சத்தமே உடம்பைக் கூச வைக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள், மிசோஃபோனியா என்று அதற்குப் பெயர்கூட உண்டு. மின்விசிறியோ மெல்லிய பாட்டோ ஓடிக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் சுலபம்.

ஆனால் பலருக்கும் உண்மையான சுமை இவை எதுவும் இல்லை, "இன்னைக்கு என்ன செய்றது?" என்ற அந்தக் கேள்விதான். தினமும் வருகிறது, நாம் களைத்திருக்கும் நேரம் பார்த்து வருகிறது, விடை சொல்லி முடித்ததும் மறுநாள் திரும்ப வருகிறது. அடுத்த இரண்டு படிகளும் அந்தக் கேள்வியை ஒழிப்பதற்காக.

படி 2: நேரம் முதலில், உணவு அப்புறம்

என்ன சாப்பாடு என்பதை விடுங்கள், எப்போது சாப்பாடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று வேளை, நடுவில் ஒன்றோ இரண்டோ சிற்றுண்டி. சின்னக் குழந்தைகளுக்கு வயிறு சிறியது என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது தேவைப்படும், அதையும் கணக்கில் எடுத்து நேரம் குறியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும்.

சமையலறைப் பக்கம் போகவே பிடிக்காதவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிற குழந்தை சாப்பாட்டு நேரத்தில் பசியில்லாமல் உட்காரும், தட்டைத் தள்ளும், அரை மணி கழித்து "பசிக்குது" என்று வரும், நீங்கள் மறுபடி சமையலறைக்குள் நுழைவீர்கள். கதவு எப்போது திறக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் நச்சரிப்பு தானாகக் குறையும். முதல் சில நாள் அழுகை இருக்கும், அதைத் தாண்டிவிடுங்கள்.

படி 3: ஒரு பட்டியல், அதே பட்டியல்

புதுப் பதார்த்தம் தேடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே சண்டையில்லாமல் சாப்பிடுகிறவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏழு தேறினால் போதும், ஐந்து தேறினாலும் போதும். கிழமைக்கு ஒன்றாகப் போட்டு, தாளை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு "என்ன சாப்பாடு?" என்று கேட்பவர்களுக்குத் தாளைக் காட்டினால் போதும். சாமான் பட்டியலும் இதிலிருந்தே வந்துவிடும், வாராவாரம் அதே சாமான்.

சத்துக் கணக்குக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் எளிது. ஒவ்வொரு வேளையிலும் வயிற்றை நிரப்ப ஒன்று (சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு), புரதத்துக்கு ஒன்று (பருப்பு, முட்டை, தயிர், மீன், கோழி), காயோ பழமோ ஒன்று. பெரியவர்கள் ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகச் சேர்த்து 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 400 கிராமையும் சமைத்துத்தான் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நறுக்கிய வெள்ளரிக்காய், கேரட், ஒரு வாழைப்பழம், வேலை முடிந்தது.

"போன செவ்வாய்க்கிழமையும் இதேதானே?" என்று பெரியவர்கள் யாராவது கேட்பார்கள். ஆமாம், இதேதான். வேறு வேண்டுமென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமையை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். கோபத்தில் சொல்கிற பதில் இல்லை இது, படி 7-இல் இதைப் பற்றி இருக்கிறது.

படி 4: உதிரி உதிரியாகச் சமைத்து வையுங்கள்

தினமும் ஒரு முழுச் சமையல் செய்வதைவிட, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சில பொருட்களைத் தனித்தனியாக வேக வைத்து எடுத்து வைப்பது எவ்வளவோ மேல். பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, ஏதாவது ஒரு காய், கறி சாப்பிடுகிறவர்கள் என்றால் கொஞ்சம் கறி. எதையும் எதோடும் கலக்காதீர்கள். சாப்பிடும் நேரத்தில் அவரவர் தட்டில் அவரவர் சேர்த்துக்கொள்ளட்டும். ஒருவருக்குக் காரம், ஒருவருக்கு வெறும் பருப்பு, ஒருவருக்கு எதுவுமே ஒன்றோடு ஒன்று ஒட்டக்கூடாது என்று இருக்கிற வீட்டில் இந்த முறைதான் எடுபடும். நீங்களே அந்த மூன்றாவது ஆளாக இருந்தாலும் சரி.

பிரஷர் குக்கர் இருந்தால் பயமில்லாமல் பயன்படுத்துங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது, அதனால்தான் பருப்பு அத்தனை சீக்கிரம் வேகிறது, வாசனையும் பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடுகிறது. ராஜ்மா மட்டும் கவனம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகுதான் மற்ற வேலை. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் நச்சுப்பொருள் கடுமையான வாந்தியை வரவழைக்கும்.

சாப்பாடே பிடிக்காதவர்கள் சமைக்கும்போது வருகிற தனிச் சிக்கல் ஒன்று உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. ருசி பார்க்கப் பிடிக்காது! உப்பு சரியா என்று எப்படித் தெரியும்? கண்ணளவை விட்டுவிட்டு அளவுக் கரண்டிக்கு மாறுங்கள். இத்தனை கப் பருப்புக்கு இத்தனை கரண்டி உப்பு என்று வீட்டில் ஒருவர் ஒருமுறை ருசி பார்த்துச் சொன்னதும் அதைத் தாளில் எழுதிவிடுங்கள், அப்புறம் எப்போதும் அதே அளவு. இல்லையென்றால் உப்பைக் குறைவாகவே போட்டு மேசையில் உப்பு வைத்துவிடுங்கள்.

படி 5: எடுத்து வைப்பதில் கவனம்

மொத்தமாகச் சமைக்கும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. முகர்ந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்கிற பழக்கத்தை நம்ப வேண்டாம், நோய் தருகிற கிருமிகள் பல வாசனையை மாற்றுவதே இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் அவை வேகமாகப் பெருகும். அதனால் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். டப்பா மேல் தேதி எழுதுங்கள், 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஓட்டோடு வைத்த அவித்த முட்டை ஒரு வாரம் தாங்கும்.

சோறு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து உள்ளே வையுங்கள், மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். எதைச் சூடாக்கினாலும் ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள், ஒரே ஒரு முறை மட்டும்.

படி 6: தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகு

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு பொறுப்புப் பிரிவினையைச் சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். அவ்வளவுதான். நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கிறது, ஏனென்றால் பாதி வேலை நம் கையை விட்டே போய்விடுகிறது.

குழந்தை "வேண்டாம்" என்றால் "சரி, சாப்பிட வேண்டாம், எங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கெஞ்சல், மிரட்டல், "இன்னும் ரெண்டே ரெண்டு வாய்", இனிப்பு லஞ்சம் எல்லாம் வேண்டாம். தட்டில் அந்தக் குழந்தை வழக்கமாகச் சாப்பிடுகிற ஏதாவது ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், வேறு தனிச் சமையல் கிடையாது. புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேல்கூட அது கண்ணில் படவேண்டியிருக்கும், ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கொட்டைகள் கொடுக்காதீர்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இனி உங்கள் முகம். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைத்து "ஆஹா" என்று நடிக்கத் தேவையில்லை, குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் "உவ்வே" என்பதும், சாப்பாட்டை அருவருப்பாகப் பேசுவதும் வேண்டாம். உங்களால் சாப்பிட முடிகிற ஏதோ ஒன்றை, அது வெறும் ரொட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வேறு எதைப் பற்றியாவது பேசுங்கள். இருபது நிமிடம் போதும்.

படி 7: உதவி கேட்காதீர்கள், நாளைக் கொடுத்துவிடுங்கள்

"கொஞ்சம் உதவி பண்ணு" என்றால் வெங்காயம் உரித்துத் தருவார்கள், யோசிக்கிற வேலை உங்கள் தலையிலேயே இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு கிழமையை முழுசாகக் கொடுங்கள். அன்றைக்கு யோசிப்பது, வாங்குவது, செய்வது, கழுவுவது எல்லாம் அவர்கள் பாடு. என்ன வந்தாலும் விமர்சனம் செய்யாமல் இருப்பது உங்கள் பாடு, அது சமைப்பதைவிடக் கஷ்டம்.

படி 8: ஒன்றுமே முடியாத நாள்

அடுப்பே பற்ற வைக்காமல் ஒரு வேளையை முடிக்கத் தேவையானவற்றை ஓர் அலமாரித் தட்டில் எப்போதும் வைத்திருங்கள். ரொட்டி, கடலை வெண்ணெய், டப்பாவில் வரும் வேக வைத்த கொண்டைக்கடலை, பழம், பால். காலையில் சாப்பிடுவதை ராத்திரியில் சாப்பிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. எடுத்ததை அடுத்த முறை வாங்கும்போது திருப்பி வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் இந்தப் படிகளுக்குள் அடங்காது. பிடிக்கவில்லை என்பது ஒன்று, சாப்பிடவே முடியவில்லை என்பது வேறு. எடை குறைந்துகொண்டே வந்தாலோ, அடிக்கடி தலை சுற்றினாலோ, நீங்கள் சாப்பிடும் பொருட்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்கினாலோ, திடீரென்று எல்லாமே குமட்ட ஆரம்பித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். உடல் எடையைப் பற்றிய கவலை ஏதும் இல்லாமலேயே உணவைத் தவிர்க்கிற ஒரு கோளாறும் உண்டு, 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனிப் பெயரோடு சேர்க்கப்பட்டது, பெரியவர்களுக்கும் அது வரும். போகும்போது ஒரு வாரம் எந்த நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "சரியாகச் சாப்பிடுறதில்லை" என்று சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு, தாளைக் காட்டினால் அடுத்த கேள்வி கேட்பார்கள்.