கடைக் கணக்கு மென்பொருளில் வற் வரி பிழையாக வந்தால் தேடிப் பிடித்துத் திருத்தும் முறை

மாத முடிவில் மென்பொருள் காட்டும் வற் (பெறுமதி சேர் வரி) தொகையும் நாம் கல்குலேட்டரில் அடித்துப் பார்க்கும் தொகையும் ஒத்துவராதபோது, பல கடைகளில் வித்தியாசத்தை ஒரு ஜேர்னல் பதிவாகப் போட்டுச் சமப்படுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சிறு வியாபாரங்களுக்குக் கணக்குப் பார்த்துவரும் எனக்கு இதைவிடக் கெடுதலான பழக்கம் வேறு தெரியவில்லை. அந்தப் பதிவு மொத்தத்தை மட்டுமே சரியாக்குகிறது. பிழை பிறந்த இடம் அப்படியே இருப்பதால் அடுத்த நாள் காலையில் அடிக்கும் முதல் பில்லிலேயே அது மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே இங்கே நான் எழுதுவதெல்லாம் பிழை எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றியும், கண்டுபிடித்த பின் பழைய பதிவுகளைக் கெடுக்காமல் திருத்துவதைப் பற்றியுமே ஆகும்.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: உங்கள் வியாபாரம் வற் வரிக்குப் பதியப்பட்டதா? இலங்கையில் 2024 ஜனவரி 1 இல் பதிவுக்கான விற்பனை எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாய், அதாவது காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் எனக் குறைக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரி 1,65,000 ரூபாய் விற்றாலே அந்தக் காலாண்டு எல்லை வந்துவிடும் என்பதால், சீமெந்தும் கம்பியும் விற்கும் ஹாட்வெயார் கடைகள் பல தமக்குத் தெரியாமலே அதைத் தொட்டுவிடுகின்றன. பதியாத கடை பில்லில் வற் அறவிடக் கூடாது. அங்கே மென்பொருளின் வரி வசதியை முழுவதும் நிறுத்திவிடுவதுதான் திருத்தம். பதிந்த கடையாயின், பில்லின் தலைப்பில் உள்ள இலக்கம் வெறும் வரி அடையாள இலக்கமாக இல்லாமல், அதன் பின்னே 7000 என்று முடியும் வற் பதிவு இலக்கமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வித்தியாசமே வழிகாட்டும்

பிழையைத் தேடி நூற்றுக்கணக்கான பில்களைப் புரட்டத் தேவையில்லை. அந்த மாதத்தில் வரிக்குட்பட்ட விற்பனையின் தொகையை வரி நீங்கலாக எடுத்து, வற் வீதமான 18 சதவீதத்தால் பெருக்கி, மென்பொருளின் வற் கணக்கில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். ஓர் உதாரணமாக, வரிக்குட்பட்ட விற்பனை 42,00,000 ரூபாய் என்றால் வற் 7,56,000 ரூபாயாக இருக்க வேண்டும்; மென்பொருள் 7,42,320 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவது 13,680 ரூபாய். இந்தத் தொகையை 0.03 ஆல் வகுத்தால் 4,56,000 வரும், 0.18 ஆல் வகுத்தால் 76,000 வரும். ஆகவே, ஒன்றில் 4,56,000 ரூபாய்க்கான விற்பனை பழைய 15 சதவீதத்திலேயே பில்லாகியிருக்கிறது, அல்லது 76,000 ரூபாய்க்கான பொருள் வரியே இல்லாமல் போயிருக்கிறது. இப்போது பொருள்வாரி விற்பனை அறிக்கையை எடுத்து, இந்த இரண்டு தொகைகளில் ஒன்றுக்கு அருகில் நிற்கும் பொருளையோ பொருள் தொகுதியையோ தேடினால் போதும். இரண்டு பிழைகள் ஒன்றாகக் கலந்திருந்தால் இந்தக் கணக்கு நேராக விழாது; அப்போது வாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு வாரத்தில் ஒன்று தனியே தெரியும்.

தனி ஒரு பில்லைப் பார்க்கும்போது, வற் தொகையை வரி நீங்கிய தொகையால் வகுத்துச் சதவீதமாகப் பாருங்கள். 18 என்றால் வீதம் சரி. 15 என்றால் பழைய வீதம். 21.95 என்று ஒரு விசித்திரமான எண் வந்தால், வரி ஏற்கெனவே அடங்கிய விலையின் மீதே 18 சதவீதம் கணக்கிடப்பட்டிருக்கிறது. இந்த மூன்று எண்களையும் நான் கணக்கு மேசையில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

பழைய வீதம் ஒளிந்திருக்கும் இடங்கள்

நமது நாட்டில் வற் வீதம் குறுகிய காலத்தில் பல முறை மாறியது. 2019 டிசம்பர் 1 இல் 8 சதவீதமாக இறக்கப்பட்டு, 2022 ஜூன் 1 இல் 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பர் 1 இல் 15 ஆகவும், 2024 ஜனவரி 1 இல் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. இந்தக் காலம் முழுவதும் ஒரே கோப்பில் கணக்கு வைத்திருக்கும் கடையில் நான்கு வீதங்களுக்குமான வரிக் குறியீடுகள், அதாவது எந்த வீதத்தில் வரி கணக்கிட வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறிகள், கிடக்கும். வீதத்தை ஓர் இடத்தில் மாற்றினால் எங்கும் மாறிவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. குறியீடு பொருளின் பதிவில் ஒட்டியிருக்கும். வாடிக்கையாளரின் பதிவில் தனியாக ஒட்டியிருக்கும். மாதாமாதம் தானாகப் போகும் பில்லின் மாதிரியிலும், முன்னர் கொடுத்த விலைக்கோரலிலும் ஒட்டியிருக்கும். பல மென்பொருள்களில் வாடிக்கையாளருக்கு இட்ட குறியீடு பொருளின் குறியீட்டை மேவிவிடும் என்பதால், எல்லாப் பொருளும் சரியாக இருந்தும் ஒரேயொரு வாடிக்கையாளரின் பில் மட்டும் தொடர்ந்து பிழைக்கும். பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கி, வரிக் குறியீட்டு நிரலை வடிகட்டிப் பார்ப்பதே மிக விரைவான வழி.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 15 என்ற பழைய குறியீட்டைத் திறந்து அதில் 18 என்று எழுதிவிடாதீர்கள். சில மென்பொருள்களில் அது பழைய பில்களையும் சேர்த்து மாற்றிவிடும். 2023 ஆம் ஆண்டுக்குச் சமர்ப்பித்த விவரத்திரட்டுக்கும் (இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்த வரிக் கணக்குக்கும்) உங்கள் புத்தகத்துக்கும் அன்றோடு தொடர்பு அறுந்துவிடும். புதிய குறியீடு ஒன்றை உருவாக்கி, பொருள்களையும் வாடிக்கையாளர்களையும் அதற்கு மாற்றி, பழையதைச் செயலிழக்க மட்டும் செய்யுங்கள்; அழிக்க வேண்டாம். பழைய வீதத்தில் விற்ற பொருள் பின்னர் திரும்பி வந்தால், கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) விற்ற நாளின் வீதத்திலேயே போக வேண்டியிருப்பதால் அந்தக் குறியீடு இன்னும் தேவைப்படும்.

வரிவிலக்கு என்று குறித்த பொருள்களைத் தனியே பாருங்கள். 2024 ஜனவரி 1 இல் வீதம் மட்டும் மாறவில்லை. சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி உட்பட அதுவரை விலக்கில் இருந்த பல பொருள்கள் வரிக்குள் வந்தன. கல்முனையில் நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையில் எல்லாப் பொருளுக்கும் 18 போட்டுவிட்டு, எரிவாயு சிலிண்டரை மட்டும் விலக்கு என்ற குறியீட்டிலேயே விட்டுவிட்டோம். வித்தியாசத்தை 0.18 ஆல் வகுத்த அன்றுதான் அது வெளிப்பட்டது. உடனே குறியீட்டை மாற்றினோம். ஆனால் விலைப் பதிவில் இருந்த விலை வரி அடங்கிய விலை என்பதைக் கவனிக்கவில்லை. மறுநாள் சிலிண்டர் வாங்க வந்தவரின் பில்லில் விலைக்கு மேலே இன்னும் 18 சதவீதம் ஏறி நின்றது. அவர் பில்லை நீட்டி, “தம்பி, நேற்று ஒரு விலை, இன்றைக்கு ஒரு விலையா?” என்று கேட்டது நியாயமே.

விலைக்குள் வரியா, விலைக்கு மேல் வரியா

சில்லறைக் கடையில் நேரும் பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கின்றன என்பது என் அனுபவம். ஒரு பெயின்ட் வாளியின் விலை வரி உட்பட 5,900 ரூபாய் என்றால், அதை 1.18 ஆல் வகுத்து வரும் 5,000 ரூபாயே விற்பனை வருமானம். மீதி 900 ரூபாய் வற். விலை வரி அடங்கியது என்ற தெரிவு மென்பொருளில் இடப்படாவிட்டால், அது 5,900 இன் மீது 1,062 ரூபாயைச் சேர்த்து 6,962 என்று பில் அடிக்கும். இந்தப் பிழையில் வற்றை வகுத்துப் பார்த்தாலும் சரியாக 18 தான் வரும். ஆகவே மேலே சொன்ன சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. இராக்கையில் ஒட்டியுள்ள விலையையும் பில்லின் அடியில் வரும் மொத்தத்தையும் ஒப்பிட்டால் மட்டுமே தெரியும். இதற்கு மறுபுறமான பிழையில் பில்லின் மொத்தம் 5,900 ஆகச் சரியாக நிற்கும், ஆனால் வற் 1,062 எனவும் வருமானம் 4,838 எனவும் பதிவாகும். அதுதான் அந்த 21.95. வாடிக்கையாளருக்கு இதில் நட்டமில்லை, கடைக்காரர் வாளிக்கு 162 ரூபாய் கூடுதலாக வரி கட்டுகிறார்.

கழிவு கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். அதே வாளிக்குப் பில்லிலேயே 10 சதவீதம் கழித்தால் வாங்குபவர் தருவது 5,310 ரூபாய். அதில் வற் 810. கழிவுக்கு முன் வரி கணக்கிடும்படி மென்பொருள் அமைந்திருந்தால் 900 என்றே காட்டும். கழிவை ஒரு தனிப் பொருளாக, வரியில்லாக் குறியீட்டோடு பில்லின் அடியில் சேர்க்கும் கடைகளில் இது வழக்கமாக நடக்கிறது. அந்தக் கழிவுப் பதிவுக்கும் பொருளின் குறியீட்டையே கொடுத்தால் சரியாகிவிடும்.

சத வித்தியாசங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 145.25 ரூபாய்ப் பொருள் மூன்றுக்கு ஒவ்வொன்றாக வற் கணக்கிட்டால் 78.45, மொத்தத்தின் மீது கணக்கிட்டால் 78.44 வரும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து மாற்றாமல் வைத்திருந்தால் போதும்.

சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரிக்கும் பதிந்த கடையாயின் இன்னுமொரு இடத்தைப் பார்க்க வேண்டும். அதன் வீதம் 2.5 சதவீதம்; மொத்த, சில்லறை வியாபாரிக்குப் புரள்வின் (மொத்த விற்பனைத் தொகையின்) பாதி மீதே அது விழுவதால் உண்மையில் 1.25 சதவீதமாகிறது. அந்தப் புரள்வில் வற் தொகை சேரக் கூடாது. மென்பொருளில் அது வற் சேர்ந்த தொகையின் மீது கணக்கிடும்படி அமைந்திருந்தால், வரிக்கு வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய பில்களைத் திருத்துதல்

காரணம் தெரிந்து அமைப்பை மாற்றும் முன் முழுக் கோப்புக்கும் ஒரு பேக்கப் எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். பிறகு, இன்னும் விவரத்திரட்டுச் சமர்ப்பிக்காத காலத்தின் பில்களாக இருந்தாலும், வாங்கியவர் கையில் அச்சுப்பிரதி போய்விட்டதென்றால் அவற்றைத் திறந்து திருத்தாதீர்கள். வாங்கியவரும் வற் பதிந்தவராக இருந்தால் உங்கள் வரிப் பட்டியலில் (வற் காட்டும் பில்லில்) உள்ள தொகையையே அவர் தன் உள்ளீட்டு வரியாக, அதாவது வாங்கும்போது கட்டிய வரியாக, தான் கட்ட வேண்டிய வற்றிலிருந்து கழித்திருப்பார். உங்கள் புத்தகத்தில் ஒன்றும் அவர் கோப்பில் இன்னொன்றும் இருந்தால் இருவருக்கும் சிக்கல். பிழையான பட்டியலுக்கு அதன் தொடரிலக்கத்தைக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட் ஒன்றைக் கொடுத்து, சரியான தொகையோடு புதிய பட்டியல் எழுதுங்கள். பெயர் தெரியாத சில்லறை வாடிக்கையாளரிடம் குறைவாக வாங்கிய வரியை இனித் திரும்பப் பெற முடியாது. அது கடையின் செலவாகிறது, அதை ஏற்றுக்கொண்டு உரிய தொகையைக் கட்டத்தான் வேண்டும்.

சமர்ப்பித்த காலத்தின் பிழையாயின், திருத்திய விவரத்திரட்டு ஒன்றைக் கொடுப்பதே முறை. எந்தப் பொருள், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எவ்வளவு விற்பனை, எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பொருள்வாரி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குச் சென்று கேட்டுச் செய்யுங்கள். தானாக முன்வந்து காட்டும் பிழையை விளக்குவது, அவர்கள் கண்டுபிடித்துக் கேட்கும் பிழையை விளக்குவதை விட எவ்வளவோ இலகு.

கடைசியாக, கடையில் வியாபாரம் தொடங்கும் முன் நான்கு சோதனைப் பில்கள் அடியுங்கள்: சாதாரணப் பொருள் ஒன்று, விலக்குப் பொருள் ஒன்று, கழிவோடு ஒன்று, பழைய வீதத்தில் விற்ற பொருளுக்கான கிரெடிட் நோட் ஒன்று. நான்கையும் முதலில் தாளில் கையால் கணக்கிட்டு எழுதிக்கொண்டு, அதன் பிறகே திரையைப் பாருங்கள். திரையில் வந்த எண்ணை முதலில் பார்த்துவிட்டால் கை அதையே சரியென்று எழுதப் பழகிவிடும். நான்கும் ஒத்துவந்தால் சோதனைப் பில்களை இரத்துச் செய்து, அந்தத் தாளைத் திகதியிட்டுக் கோப்பில் வைத்துவிட்டுக் கடையைத் திறக்கலாம்.