பாட் ஏன் விழுகிறது? கியூப்சிடிஎல் வாட்ச்சை ஓடவிட்டுப் பாருங்கள்

கன்டெய்னர்களில் ஓடும் ஆப்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஒரு ஆப்பை டிப்ளாய் பண்ணிவிட்டு, அதன் பாட்கள் (கன்டெய்னர்களை ஓட்டும் சிறு அலகுகள்) எழுந்தனவா என்று பார்க்க மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டி "கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ்" (கியூப்சிடிஎல் என்பது குபெர்னெட்டிஸின் கமாண்ட் கருவி) என்று விடாமல் என்டர் அடிக்கிறவரா நீங்கள்? கடைசியில் "--வாட்ச்" என்று சேருங்கள், போதும். முதலில் இப்போதைய பட்டியல் வரும், அப்புறம் கமாண்ட் முடியாமல் அப்படியே நிற்கும், ஏதாவது மாறினால் மட்டும் கீழே ஒரு வரி விழும். வெளியே வர கன்ட்ரோல்-சி.

லினக்ஸின் வாட்ச் கமாண்டுக்குள் கெட் பாட்ஸைப் போட்டு ஓட்டுவது வேறு. அது 2 நொடிக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் புதிதாகக் கேட்கும். நடுவில் வந்து போன நிலை கண்ணில் படாது, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் குபெர்னெட்டிஸின் ஏபிஐ சர்வருக்கும் வீண் வேலை. --வாட்ச் ஒரே கனெக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொள்ளும், மாற்றம் நடக்க நடக்க சர்வரே சொல்லும்.

திரையில் வருவதைப் படிப்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். அது பட்டியல் இல்லை, நடந்தது நடந்தபடி வரும் வரலாறு, அதனால் ஒரே பாடின் பெயர் நாலைந்து தடவை வரும், அதில் கடைசி வரிதான் இப்போதைய நிலை. ஆப்பின் புது இமேஜ் (கன்டெய்னராக ஓடும் தொகுப்பு) போகும்போது பெண்டிங், கன்டெய்னர்-கிரியேட்டிங், ரன்னிங் என்று வரும். ஆனால் ரன்னிங் என்றதும் எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள், ரெடி என்ற நெடுவரிசையில் 0/1 என்பது 1/1 ஆகிறதா (பாடில் உள்ள ஒரு கன்டெய்னரும் தயாரா) பாருங்கள். ரன்னிங், எரர், கிராஷ்-லூப்-பேக்-ஆஃப் என்று சுற்றினால் ஆப் உள்ளே விழுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் நடுவே வழக்கமாக 10 நொடி, 20, 40 என்று இரட்டிப்பாகி 5 நிமிடம் வரை இடைவெளி கூடும். அதனால் சில நிமிடங்கள் புது வரி விழவில்லை என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

"--அவுட்புட்-வாட்ச்-ஈவென்ட்ஸ்" சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஆடட், மாடிஃபைட், டிலீட்டட் என்று வரும், டெலீட் ஆன பாடைக் கண்டுபிடிக்க இது ரொம்ப உதவும். கூட்டம் அதிகமென்றால் "-எல் ஆப்=பில்லிங்" மாதிரி லேபிள் போட்டு வடிகட்டுங்கள். பாட்ஸையும் சர்வீஸையும் ஒரே வாட்ச்சில் கேட்டால் ஒத்துக்கொள்ளாது, தனித்தனி டெர்மினல்தான்.

எப்படியும் இரண்டாவது டெர்மினல் வேண்டும். பாட் பெண்டிங்கிலேயே கிடந்தால் வாட்ச் மௌனமாக இருக்கும். காரணம் ஈவென்ட்ஸில்தான் (குபெர்னெட்டிஸ் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்புகள்) இருக்கும். "கியூப்சிடிஎல் ஈவென்ட்ஸ் --ஃபார் பாட்/பெயர் --வாட்ச்" கொடுத்தால், நோடில் (பாட்கள் ஓடும் மெஷின்) சிபியு போதவில்லை என்பது ஃபெயில்ட்-ஷெட்யூலிங் என்ற பெயரில் வந்து நிற்கும். ஈவென்ட்கள் வழக்கமாக 1 மணி நேரம்தான் இருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போய்விடும்.

பட்டியல் வந்ததும் ஃபர்பிடன் என்று எரர் வந்தால் உங்கள் ரோலில் (உங்களுக்குத் தந்த அனுமதிகளின் தொகுப்பு) லிஸ்ட் இருக்கிறது, வாட்ச் இல்லை. அட்மினிடம் அதைக் கேளுங்கள்.

ஸ்கிரிப்டுக்குள் மட்டும் --வாட்ச்சை வைத்து கிரெப் (வரிகளில் சொல் தேடும் கமாண்ட்) பண்ணாதீர்கள், --வாட்ச் தானாக முடியாது, பைப்லைன் (டிப்ளாய் வேலைகளைத் தானாக ஓட்டும் வரிசை) தொங்கும். அங்கே "கியூப்சிடிஎல் ரோல்அவுட் ஸ்டேட்டஸ் டிப்ளாய்மென்ட்/பில்லிங் --டைம்அவுட்=2எம்" போடுங்கள்; 2 நிமிடத்தில் முடியாவிட்டால் எரர் கோடோடு வெளியே வரும், பைப்லைனும் அங்கேயே நிற்கும்.