கடன் நோட்டும் ஒரு பட்டன் போனும்: சூதாட்டத்தில் மாட்டிய ஆட்டக்காரனுக்கு

சென்னை லீக்கில் ஒன்பது வருடம் பந்து வீசினேன். கம்பெனி டீம், மாதச் சம்பளம், மேட்ச் இருந்தால் ஆபீஸ் போக வேண்டாம். 2019இல் கீழ்முதுகு எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது மெல்லிய விரிசல், வந்தது. ஆறு மாதம் பந்தைத் தொடாதே என்றார்கள். அந்த ஆறு மாதத்தில் ஆன்லைன் ரம்மியில் ஆரம்பித்து, வாட்ஸ்அப்பில் ஒருவன் கொடுத்த 'ஐடி'யில், அதாவது கிரிக்கெட் பந்தயம் கட்டும் கள்ளக் கணக்கில், போய் நின்றேன். கையில் காசே இல்லாமல் பந்தயம் கட்டலாம், திங்கட்கிழமை கணக்குத் தீர்த்தால் போதும் என்றான். நான் எழுந்து வர மூன்று வருடம் ஆனது.

இப்போது பயிற்சி கொடுக்கிறேன். வருடத்துக்கு ஓரிரண்டு பையன்கள் "அண்ணா, தனியா ஒரு விஷயம் பேசணும்" என்று வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே எழுதுகிறேன். தம்பியிடம் பேசுவதுபோல நீ, வா என்றுதான் வரும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் மீதியை அப்புறம் படி. இப்போதே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் செய். இலவசம், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எனக்கும் அப்படி ஓர் இரவு இருந்தது. அன்று எடுத்த பெண் கடனைப் பற்றிக் கேட்கவே இல்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

சரி. நமக்கு இது ஏன் இவ்வளவு ஆழமாகப் பிடிக்கிறது என்று புரிந்துகொள். முதல் ஸ்பெல்லில் (தொடர்ந்து வீசும் சில ஓவர்களில்) அடி வாங்கினால் இரண்டாவது ஸ்பெல்லில் திருப்பிக் கொடு என்று பத்து வயதிலிருந்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சூதாட்டத்தில் அதற்குப் பெயர் விட்டதைப் பிடிப்பது. பந்து வீசும்போது இரண்டு ஸ்பெல்லுக்கு நடுவில் லைனைத் திருத்தலாம், லெங்த்தை மாற்றலாம். செயலியில் உன்னால் திருத்த முடிந்தது எதுவும் இல்லை. அதோடு காயம், வெளியூர் ஹோட்டல் அறை, தூக்கம் வராத மேட்ச் முந்தின இரவு. இங்கிலாந்து கால்பந்து வீரர் ஆண்ட்ரோஸ் டவுன்சென்ட் ஒரே இரவில் போனிலேயே 46,000 பவுண்டு விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

முதல் வேலை, ஒரே ஒரு ஆளிடம் முழுத்தொகையைச் சொல்வது. நாங்கள் எல்லோரும் முதல் தடவை பாதிதான் சொல்வோம். நான் மனைவியிடம் "ஒரு நாலஞ்சு லட்சம் இருக்கும்" என்றேன். அவள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்து, "ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள். பர்சனல் லோன் 4,20,000. கிரெடிட் கார்டு 1,15,000. மூன்று லோன் ஆப்களில் 85,000. அவள் நகையின் மேல் 2,10,000. கைமாத்து 1,70,000, பதினான்கு பேரிடம். மீட்டர் வட்டி 90,000. ஐடி பாக்கி 60,000. கூட்டினால் 11,50,000. அவள் அழவில்லை. கீழே இரண்டு கோடு போட்டு நோட்டை மூடினாள். எனக்குத்தான் மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தூக்கம் வந்தது.

வீட்டாருக்கு ஒன்று: மொத்தக் கடனையும் ஒரேயடியாக அடைத்துவிடாதீர்கள். இதற்கு முன்பே ஒரு தடவை அப்பா ஊர் நிலத்தை அடமானம் வைத்து 3 லட்சம் கட்டினார். பதினேழாவது நாள் நான் புது ஐடி வாங்கினேன். கடன் தீர்ந்தால் கையில் புதிதாகக் கடன் வாங்கும் சக்தி வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பணம் கொடுப்பதற்குப் பதில் பணத்தின் வழியை மாற்றுங்கள். என் சம்பளம் வந்த அன்றே மனைவி கணக்குக்குப் போனது. யூபிஐ எல்லாம் நீக்கி, ஸ்மார்ட் போனை அவளிடம் கொடுத்து, 1,400 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் வாங்கினேன். தினம் 150 ரூபாய் கைச்செலவு. அவமானமாக இருந்ததா என்றால், இருந்தது.

அப்புறம் கடன்களைப் பிரி. வங்கிக்குத் தவணை தவறுவதற்கு முன்பே நீயே போய், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல். லோன் ஆப் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, உன் போனில் உள்ள நம்பர்களைத் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உன் படத்தை மாற்றி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய். மீட்டர் வட்டிக்காரனிடம் தனியாகப் போகாதே. 2003ஆம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, வக்கீல் ஒருவரோடு போ. கைமாத்து கொடுத்த பதினான்கு பேருக்கும் தொகையும் தேதியும் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு பேர் பதில்கூடப் போடாமல் காத்திருந்தார்கள்.

ஐடி பாக்கிதான் விஷம். சட்டப்படி பந்தயக் கடனை யாரும் கோர்ட்டில் வசூலிக்க முடியாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அது அவனுக்கும் தெரியும். அதனால் வேறு மாதிரி கேட்பான். என்னிடம், "காசு வேணாம் ப்ரோ. பிட்ச் எப்படி, யார் ஆடுறாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். கையெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் ஜோன்டே போர்ட்டர் சிக்கியது இதே வாசலில்தான். சூதாட்டக் கடனிலிருந்து மீள, அவர் குறைவாகவே ஆடுவார் என்று பந்தயம் கட்டியவர்களுக்காக, உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் பாதியில் வெளியேறினார். 2024 ஏப்ரலில் அந்நாட்டுக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆயுள் தடை விதித்தது, ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அப்படி ஒரு போன் வந்தால் அன்றைக்கே மேனேஜரிடமோ ஊழல் தடுப்பு அதிகாரியிடமோ சொல். மறுத்துவிட்டோமே, போதாதா என்று நினைக்காதே. வங்கதேசக் கிரிக்கெட் வீரர் ஷகிப் அல் ஹசனுக்கு 2019இல் தடை வந்தது, சூதாட்டத் தரகர் தன்னை அணுகியதைச் சொல்லாமல் மறைத்ததற்காக. நான் மறுநாள் காலை மேனேஜர் சாரிடம் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன், அந்த சீசன் மட்டும் வெளியே உட்கார வைத்தார்.

சூதாட்டப் பழக்கத்தை நோய் என்று சொன்னால் சாக்கு என்பார்கள். இங்கிலாந்து கால்பந்து வீரர் இவான் டோனிக்கு 2023இல் தடை கொடுத்தபோது, சூதாட்டத்துக்கு அடிமையானவர் என்று மருத்துவர் உறுதிசெய்ததால் மூன்று மாதம் குறைத்து எட்டு மாதம் ஆக்கினார்கள். இத்தாலியின் கால்பந்து வீரர் டொனாலிக்குத் தடையோடு எட்டு மாதச் சிகிச்சையும் சேர்த்தே விதித்தார்கள். இங்கே கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளியாகப் பார்க்கலாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மாத்திரை எழுதும்போது, ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்டவன் என்று சொல்லிவிடு. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் தடைப் பட்டியலில் இல்லை, இருந்தாலும் சீட்டை டீம் டாக்டரிடம் காட்டு. எனக்கு ஆறாவது வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை போடும் சட்டம் நிறைவேறியது. நல்லதுதான். ஆனால் ஐடி கொடுப்பவன் எந்தச் சட்டத்தையும் கேட்டு வியாபாரம் பண்ணவில்லை. ஐபிஎல் தொடங்கும் வாரம்தான் கஷ்டம். மேட்சைத் தனியாகப் பார்க்காதே, பந்துக்குப் பந்து ரேட் பேசும் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடு.

அந்தப் பட்டன் போனை நான் தூக்கிப் போடவில்லை, சார்ஜ் போட்டு டிராயரிலேயே வைத்திருந்தேன். போன மாதம் ஒரு இடதுகை ஸ்பின்னர் பையன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.