புளிக்க வைக்கும் கோழித் தீவனம்: தானியம் வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

போன வாரம் புதுவயல் மில்லுக்குக் குருணை எடுக்கப் போனபோது வழியில் ஒரு தம்பி வண்டியை மறித்தார். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அப்பத்தா வீட்டுப் பின்கட்டில் நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கிறார். கூட்டிக்கொண்டுபோய் நீல டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினார். மக்காச்சோளம், கம்பு, குருணை எல்லாம் ஊறி நுரை கட்டியிருந்தது.

"மோந்து பாருங்கண்ணே, எப்படி?"

வாடை நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் கிடந்த மக்காச்சோளச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினேன். கதிரில் ஒட்டியிருக்கும் நுனிப் பக்கம் மணிமணியாகப் பச்சை பூத்திருந்தது. காட்டினேன்.

"அதான் புளிக்க வைக்கிறோம்ல. புளிச்சா சரியாயிடும்."

ஒன்பது வருஷத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். டிரம்மைக் கழுவ வேண்டும், எலி விழாமல் மூட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில், புளிக்க வைப்பதால் என்ன கிடைக்கிறது? பழைய சோற்றுப் பானையில் நடப்பதுதான் டிரம்மிலும் நடக்கிறது. தானியம் முழுகி, மேலே இரண்டு விரல்கடை தண்ணீர் நின்றால் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும். கார அமில நிலை (pH) 4, 4.5 வாக்கில் இறங்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பல தலையெடுக்காது. தவிட்டிலும் மேல்தோலிலும் பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஓரளவு விடுபட்டுக் கோழிக்குச் சேரும். சித்திரை வெயிலில் ஒன்றரை நாள் போதும், மார்கழியில் மூன்று நாள் ஆகும். பாக்டீரியா செய்கிற வேலை இவ்வளவுதான். கடையிலிருந்து நீங்கள் தூக்கி வந்த தானியம் நல்லதா கெட்டதா என்பதை அது மாற்றாது.

சாயம் பூசிய தானியம்

ரோஸ், பச்சை, நீலம் என்று எந்தச் சாயம் ஏறியிருந்தாலும் அது விதை. தீவனம் அல்ல. விதைப்புக்கு மிஞ்சியதை மலிவாகத் தள்ளுவார்கள். திரம் போன்ற பூஞ்சாணக்கொல்லி ஏறியிருக்கும். முட்டை ஓடு தோலாகிப்போகும், குஞ்சுக்குக் கால் எலும்பு கோணும். கழுவினால் சாயம்தான் போகும், மருந்து முழுசாகப் போகாது.

மாட்டுத் தீவனத்தை ஊற வைப்பது

"குச்சித் தீவனத்துல எல்லாச் சத்தும் இருக்குண்ணே, அதையே ஊறப் போட்டா என்ன?" என்று கேட்காத ஆளே இல்லை. சில மாட்டுத் தீவனங்களில் யூரியா சேர்ப்பதுண்டு. அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். கோழிக்கு அந்த வயிறு ஏது?

அதேபோல் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுப்பதும். அதில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் இருக்கும். குஞ்சுக்கு ஒன்று இருந்தாலே போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுத்து, அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படர்ந்திருக்கும்.

மாவாக அரைப்பது

முழுசாகவோ இரண்டு மூன்றாக உடைத்தோ போடுங்கள். மாவு அடியில் களியாக உறைந்து அழுகும்.

மலிவு மக்காச்சோளம்

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் என்னிடம் நூற்றிருபது கோழியும் முப்பது வாத்தும் இருந்தன. ஒரு கார்த்திகை மாதம், விடாமல் மழை. வழக்கமாக வாங்கும் கடையில் விலை ஏறிவிட்டது. வேறொரு வியாபாரி மூட்டைக்கு நானூறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார். "கொஞ்சம் வாடை இருக்கும், கோழிக்குத்தானே" என்றார். எட்டு மூட்டை இறக்கினேன். சாக்கு வாயைப் பிரித்து மேலாக ஒரு பிடி பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது.

ஊற வைத்தேன். மனசு கேட்காமல் ஒரு தடவை கொதிக்கவும் வைத்தேன். அப்புறம் புளிக்க விட்டேன். இத்தனைக்கும் பிறகு என்ன மிஞ்சியிருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் வாத்துக் குஞ்சுகள் நொண்டின. இறகு தொங்கிப்போய் ஒரு மூலையில் ஒடுங்கின. மூன்று நாளில் பதினேழு போயின. கோழிகளில் அவ்வளவு சாவு இல்லை, ஆனால் முட்டை பாதியாகக் குறைந்தது, கொண்டை வெளுத்தது. செத்த வாத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அறுத்துக் காட்டினார். ஈரல் மஞ்சளாக வெளிறி, அங்கங்கே ரத்தம் கட்டியிருந்தது. "என்ன தீவனம் போட்டீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அது அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்கிற பச்சைப் பூசணம் உண்டாக்குகிற நஞ்சு. பெயரே அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்குக் குறையாத வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. என்ன நோய் என்று புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்தப் பூசணம்தான் காரணம் என்று தெரிந்தது. கோழி, வாத்து, வான்கோழி மூன்றில் வாத்துக் குஞ்சுதான் இதற்கு மிகவும் பலவீனமானது. என் கொட்டகையில் அது முதலில் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. பூசணம் வேறு, அது விட்டுப்போன நஞ்சு வேறு. பூசணத்தைக் கொதிநீர் கொல்லும். புளிப்பு அமுக்கும். வெயில் காய வைக்கும். பார்த்தால் பச்சையே இருக்காது. நஞ்சு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கொதிக்கிற தண்ணீரின் சூடு அதற்குப் போதவே போதாது. புளிப்பை நம்பி இறங்கக் கூடாது. கழுவித் தேய்த்துக் காயவைத்த சரக்கு இன்னும் மோசம். கண்ணுக்கு இருந்த ஒரே அடையாளமும் போய்விடுகிறது.

அப்புறம் நான் செய்யவிருந்த இன்னொரு தப்பு. மிச்சம் ஐந்து மூட்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் "மாட்டுக்குப் போட்டுக்கிறேன், குடுங்க" என்று கேட்டார். நஷ்டத்தில் கொஞ்சம் திரும்புமே என்று தலையாட்டிவிட்டேன். மருத்துவர்தான் தடுத்தார். கறவை மாடு தின்றால் அந்த நஞ்சு வடிவம் மாறிப் பாலில் இறங்கும். அதற்கு எம்1 என்று பெயர். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கே வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான், ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம். அந்த வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 'தீவனத் தரம்' என்றால் மனிதன் ஒதுக்கியது என்று கடைக்காரரும் நினைக்கிறார், வாங்குகிறவரும் நினைக்கிறார். "கோழிக்குத்தானே", "மாட்டுக்குத்தானே". அந்த முட்டையையும் பாலையும் குடிக்கிறது யார்?

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில் பருவம். பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரி மக்காச்சோளம் தை, மாசியில்தான் அறுப்புக்கு வரும். ஐப்பசி கார்த்திகையில் ஒருவர் விலையைத் திடீரென்று இறக்கினால், அது போன வருஷ இருப்பா, மழையில் நனைந்த சரக்கா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வந்துவிடுங்கள்.

இரண்டாவது, சாக்கின் வாயைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூசணம் மூட்டை முழுக்கப் பரவி இருக்காது. ஈரம் பட்ட இடத்தில் கொத்தாக இருக்கும். நெல் வியாபாரிகள் வைத்திருக்கும் குத்தூசியை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி, ஓரம் என்று நாலு இடத்தில் குத்தி எடுங்கள். நுனியில் பச்சையோ கருமையோ, மணியை உடைத்தால் உள்ளே தூளாகவோ இருந்தால் அந்த மூட்டை வேண்டாம். கெட்டதைப் பொறுக்கிவிட்டு மீதியைப் போடலாம் என்ற பேச்சும் வேண்டாம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற மணியிலும் நஞ்சு இருக்கலாம்.

மூன்றாவது, ஈரம். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், அமுங்கக் கூடாது. இன்னொரு சோதனையும் உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், அதோடு இரண்டு மூன்று தேக்கரண்டி வறுத்து ஆறவைத்த உப்பு. மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் பரவாயில்லை. ஆனால் மாதக்கணக்கில் சேர்த்து வைக்க 12 சதவீதத்துக்குள் காய வேண்டும்.

நிறைய வாங்குகிறவர்கள் சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். கட்டணம் உண்டு. பதினேழு வாத்தின் விலையைவிடக் குறைவுதான்.

கடலைப் புண்ணாக்குக்கும் இதே எச்சரிக்கை. நம் பக்கத்துச் செக்குப் புண்ணாக்கு எவ்வளவு மணமாக இருந்தாலும், உடைத்து உள்ளே பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் மூட்டையைத் தரையில் போடாதீர்கள். செட்டிநாட்டு வீட்டுப் பின்கட்டுத் தளம் கோடையில் குளுகுளுவென்று இருப்பது நமக்குச் சுகம்தான், மழைக்காலத்தில் அந்தத் தளத்தோடும் சுவரோடும் ஒட்டிக்கிடக்கும் மூட்டையின் அடி ஈரம் வாங்கும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

முளைகட்டிய சோளம்

கம்பு, கேழ்வரகு, நெல் முளைகட்டிக் கொடுக்கலாம். சோளத்தை மட்டும் வேண்டாம். சோளக் குருத்தில் சயனைடு விடுகிற பொருள் உண்டு. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த ஆடுமாடு செத்துவிழுவது இதனால்தான். காய்ந்த மணியில் அந்தப் பயம் இல்லை.

மக்காச்சோளம் மட்டுமே போடுவது

புளித்ததும் சத்து கூடிவிடும் என்று சொல்லிக்கொண்டு வெறும் மக்காச்சோளத்தில் ஓட்டுகிறார்கள். அதில் புரதம் எட்டு ஒன்பது சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்குப் பதினாறு வாக்கில் தேவை. இரண்டு நாள் ஊறினால் இல்லாத புரதம் எங்கிருந்து வரும்? தானியத்தோடு புண்ணாக்கு சேருங்கள், உளுந்துப்பொட்டு கிடைத்தால் அதையும் சேருங்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் கருவாட்டுத் தூள் மிக நல்லது, ஆனால் உப்புப் போடாமல் காய்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். உப்பு மிஞ்சினால் கோழி தாங்காது.

பருத்திக்கொட்டை

மாட்டுக்குச் சரி. கோழிக்குப் போட்டால், எடுத்துச் சேர்த்து வைத்த முட்டையின் கரு பச்சையாகத் திரும்பும்.

வெல்லம் போடுவது

சீக்கிரம் நுரைக்கட்டும் என்று வெல்லம் கரைத்து ஊற்றி இறுக மூடுகிறார்கள். ஈஸ்ட் பெருகிச் சாராயமாகத் திரும்பும். நீராகார வாடை வர வேண்டிய இடத்தில் கள் வாடை வரும். கோழி தள்ளாடும். இனிப்பும் வேண்டாம், இறுக்கமும் வேண்டாம். முந்தைய டிரம்மின் புளித்த தண்ணீரில் ஒரு குவளை ஊற்றினால் போதும்.

பித்தளை அண்டா

வேண்டாம். புளிப்பில் செம்பு இறங்கும். ஊறுகாய் ஜாடி, மண்பானை, உணவுக்கான பிளாஸ்டிக் டிரம்.

டிரம்மை மாட்டுக்கு எட்டும்படி வைப்பது

நம் ஊர் விசேஷ வீட்டுப் பின்வாசலில் மிஞ்சின சோற்றைத் தின்று வயிறு உப்பிச் சாகிற மாட்டைப் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்து ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போனால் பெருவயிறு புளித்துப்போகும், மாடு படுத்துவிடும். டிரம்மில் ஊறிக்கிடக்கும் தானியமும் அதே வேலையைச் செய்யும். கொட்டகைக்குக் கதவு போட்ட பிறகு டிரம் வாங்குங்கள்.

அந்தத் தம்பி டிரம்மில் இருந்ததை அன்றே குழி தோண்டிப் புதைத்தோம். பச்சை பூத்த சாக்கையும் உள்ளே போட்டு மண் தள்ளினோம். மூவாயிரம் ரூபாய்ச் சரக்கு, முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. மறுநாள் காலையில் என் குத்தூசியை எடுத்துக்கொண்டு இருவரும் காரைக்குடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முணுமுணுத்தார். ஆறு மூட்டை குத்திப் பார்த்ததில் இரண்டு தேறியது. அந்த இரண்டை மட்டும் வண்டியில் ஏற்றினோம்.