சாதுவான ஆணின் கோபத்தைக் கதையில் எழுதுவது எப்படி?

'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்ற பழமொழியை நம்பிக் கெட்ட கதைகள் ஏராளம். பத்துப் பக்கம் தலை குனிந்து நடந்தவன் பதினோராம் பக்கத்தில் நாலு பேரைத் துவைத்தெடுப்பான். வாசிக்கிறவருக்கு அவன் வேறு ஆளாகத் தெரிவான். கோபம் முதல் பக்கத்திலிருந்தே உள்ளே இருக்கவேண்டும். ஒரு ஆளை உருவாக்கிப் பார்ப்போம்.

படி 1: பலத்தைக் கொடுங்கள்

திருகோணமலைக் கரையொன்றில் கரைவலை (கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் மீன்வலை) இழுக்கும் நடேசன் என்று வைத்துக்கொள்வோம். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் வலை இழுத்து இறுகிய தோள், நினைத்தால் அடிக்கலாம். செல்லுபடியாகும் இடத்தில் கோபத்தை அடக்குபவனே உண்மையில் அடக்குபவன் என்கிறது 301ஆம் குறள். அடிக்கவே முடியாதவன் பொறுத்துப் போனால் கதையில் அது பயமாகத்தான் விழும்.

படி 2: எங்கே தொட்டால் நோகும்?

தன்னை ஏசினால் விழுங்கிவிடுவார். இன்னொருவரின் பங்கில் கைவைத்தால் பொறுக்கமாட்டார். இது போதும்.

படி 3: கோபத்தைக் கையில் காட்டுங்கள்

வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி புதுப் பெடியனுக்குப் பங்கைக் குறைத்துக் கொடுக்கிறார். 'நடேசனின் கண்கள் சிவந்தன, பல்லை நறநறவென்று கடித்தார்' என்று எழுதினால் காட்சி அங்கேயே செத்தது. இப்படி எழுதிப் பாருங்கள்:

வலை பொத்திக்கொண்டிருந்த நடேசனின் ஊசி நின்றது. போட்ட முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் போட்டார். "பெடியனும் விடியவெள்ளன வந்து இழுத்தவன், சம்மாட்டியார்" என்றார். சம்மாட்டி சிரித்தார். நடேசன் தன் காசை எண்ணாமலே பெடியனின் கையில் வைத்துவிட்டு ஊசியை எடுத்தார்.

குரல் ஏறவேயில்லை. ஆனால் மறுநாள் பங்கு பிரிக்கும்போது சம்மாட்டி முதலில் நடேசனின் முகத்தைப் பார்ப்பதாக ஒரு வரி சேருங்கள். ஒருவரின் பலம் அடுத்தவரின் நடத்தையில்தான் நன்றாகத் தெரியும்.

படி 4: வெடிக்கும் இடம்

ஒரு கதைக்கு ஒருமுறை போதும். அதிலும் அடிதடி வேண்டாம். பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு விதுரனைத் தெரியும். சபையில் துரியோதனன் விதுரனின் பிறப்பை இழுத்துப் பேசினான். விதுரன் அவனைத் தொடவில்லை, தன் வில்லை முறித்துப் போட்டான். போருக்கு முன்பே கௌரவர் பக்கத்தில் ஒரு வில் குறைந்தது.

நடேசனிடம் இருப்பது வலைக் கயிறு. அதைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறிப் போகட்டும், மற்றவர்களும் ஒவ்வொருவராக விடட்டும். அதுவும் மீன் படும் காலத்தில் போகவேண்டும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்துத் தொழில் படுத்திருக்கும்போது கோபித்துக்கொண்டு போனால் சம்மாட்டிக்கு என்ன நட்டம்?

படி 5: திருத்தம்

எழுதி முடித்ததும் கோபம், ஆத்திரம், சினம் என்ற சொற்களைத் தேடி அழியுங்கள். அப்புறமும் காட்சி சுட்டால் சரி. ஆறிப்போயிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.