சிறப்பு லினக்ஸா, பொது லினக்ஸா: தேர்வில் நேரும் தவறுகள்

இசைப்பதிவுக்கு ஒரு லினக்ஸ், கல்விக்கு ஒரு லினக்ஸ், பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு லினக்ஸ் என்று தனித்தனி வழங்கல்கள் (லினக்ஸ் இயங்குதளத்தை மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்புகள்) இருப்பதைக் கண்டதும், தம் வேலையின் பெயரைத் தாங்கியதையே நிறுவ வேண்டும் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். சிறப்பு வழங்கல்களில் பல, டெபியன், உபுண்டு போன்ற பொது வழங்கலின் மேல் சில பொதிகளையும் (நிறுவத்தக்க மென்பொருள் கட்டுகள்) அமைப்பு மாற்றங்களையும் சேர்த்து உருவானவை. உபுண்டு ஸ்டூடியோவின் ஒலி, காணொளிக் கருவிகளை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவ, உயிரியல் ஆய்வுக்கான டெபியன் மெட் டெபியனுக்குள்ளேயே, பல பொதிகளை ஒருசேர நிறுவும் கூட்டுப்பொதிகளாகக் கிடைக்கிறது. அதற்காக வட்டை அழித்துப் புதிதாக நிறுவத் தேவையே இல்லை.

இதை அறிந்தவர்கள், எல்லாச் சிறப்பு வழங்கல்களும் வெறும் பொதிப் பட்டியல்தான் என்று எண்ணுவது மறுபக்கத் தவறு. டெய்ல்ஸ் என்னும் வழங்கல், யூஎஸ்பி வட்டிலிருந்து இயங்கி, இணையப் போக்குவரத்தை, பயனரின் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் வலையமைப்பின் வழியாகவே அனுப்பி, அணைத்தபின் அந்தக் கணினியில் தடயம் எஞ்சாதபடி வடிவமைக்கப்பட்டது. உபுண்டுவில் டோர் உலாவியை நிறுவுவதால் மட்டும் அந்தக் காப்பு வந்துவிடாது. உயிருக்கு அஞ்சிச் செய்தி அனுப்புகிறவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸ் விஷயத்தில்தான் தவறுகள் மிகுதி. அது டெபியனின் சோதனைக் கிளையை (அடுத்த நிலையான பதிப்பு உருவாகும் இடம்) ஒட்டித் தொடர்ந்து மாறிக்கொண்டிருப்பது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. அப்படியிருந்தும், கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் அதையே அன்றாட இயங்குதளமாக வைத்துக்கொள்வோர் உண்டு. அதைவிடக் கேடானது, ஓரிரு கருவிகளுக்காகக் காளியின் பொதிகள் கிடைக்கும் களஞ்சியத்தை உபுண்டுவில் சேர்ப்பது. இரண்டு வழங்கல்களிலும் நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் மென்பொருள் நூலகங்களின் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல், அடுத்த புதுப்பித்தலில் அடிப்படைப் பொதிகளே மாற்றப்பட்டு, கணினி தொடங்காமலே போகக்கூடும். கற்பதற்கு, இருக்கும் கணினிக்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் கணினியில் காளியை நிறுவிக்கொண்டாலே போதும்.

ஆதரவுக் காலத்தைப் பாராமல் விடுவதும் பின்னர் வருத்தும். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் உபுண்டுவுக்கு வழக்கமாக 5 ஆண்டுகளும் உபுண்டு ஸ்டூடியோவுக்கு 3 ஆண்டுகளும் புதுப்பித்தல் கிடைக்கிறது. பெரிய நிறுவனங்கள் பின்னால் நின்றாலும் நிலைமை மாறலாம்: ஃபெர்மிலேப், செர்ன் ஆகிய இயற்பியல் ஆய்வகங்களின் கூட்டுமுயற்சியில் 2004இல் வெளிவந்த சயன்டிஃபிக் லினக்ஸுக்கு எட்டாம் பதிப்பு வராது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது, 2024 ஜூனில் ஏழாம் பதிப்பின் ஆதரவும் முடிந்தது.