மைக்ரோவேவில் கறிவேப்பிலை காய வைப்பது எப்படி?

மழைக்காலத்தில் மொட்டை மாடி வெயிலை நம்ப முடியாது. அப்போது மிஞ்சிய கறிவேப்பிலையை, நிறம் அதிகம் மாறாமல், மைக்ரோவேவிலேயே காய வைத்துவிடலாம். அடுப்பு நேரம் மூன்று, நான்கு நிமிடம்தான்.

முதலில் ஒன்று. மைக்ரோவேவ் சூடாக்குவது பெரும்பாலும் பொருளுக்குள் இருக்கும் தண்ணீரை. அது ஆவியாகி வெளியே போக வேண்டும். மெல்லிய இலையில் சட்டென்று போய்விடும். சுண்டைக்காய், மாங்காய்த் துண்டு என்றால் உள்ளே வெந்து, ஓரம் கருகிவிடும். வற்றலுக்கு வெயில்தான் சரி.

இலைகளை உருவி, அலசி, பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போகும்வரை மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். மேலே தண்ணீர் ஒட்டியிருந்தால் இலை வெந்து கறுக்கும்.

அப்புறம் மைக்ரோவேவ் தட்டில் வெள்ளை டிஷ்யூ பேப்பர் விரித்து, இலைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். செய்தித்தாளும் மறுசுழற்சிக் காகிதமும் வேண்டாம், தீப்பிடிக்கலாம். மேலே மூடவும் வேண்டாம்.

800 வாட் அடுப்பில் முழு சூட்டில் 1 நிமிடம் ஓட்டுங்கள். திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், இலை துவண்டு கிடக்கும், காகிதம் நனைந்திருக்கும். இலைகளைத் திருப்பி, காகிதத்தை மாற்றி, 30 விநாடி. பிறகு 20, 20 விநாடியாக மட்டும். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள்.

எப்போது நிறுத்துவது? ஓர் இலையை எடுத்து அரை நிமிடம் ஆற விட்டுக் கசக்குங்கள். நொறுங்கினால் போதும். சூட்டோடு பார்த்தால் மெத்தென்றுதான் தெரியும், ஆறியதும் மொறுமொறுப்பாகிவிடும். காய்ந்த இலையை மேலும் ஓட்டினால் பொறி பறந்து பற்றிக்கொள்ளும். அதனால் தயவுசெய்து அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். புகை வந்தால் கதவைத் திறக்காமல் அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்.

புதினா, கொத்தமல்லிக்கும் இதே முறைதான், நேரம் மட்டும் இன்னும் குறையும்.

நன்றாக ஆறிய பிறகே கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். மறுநாள் பாட்டிலின் உள்பக்கம் பனித்திருந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது. வெளியே கொட்டி இன்னொரு 20 விநாடி வைத்து எடுங்கள்.